டெஸ்டோஸ்டிரோன் குறைவு: முதல் ஊசிக்கு முன்னால்

ஆண்களின் ஹார்மோன் குறைவு குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 47. ஓராண்டாகத் தாம்பத்திய உறவில் நாட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. எந்நேரமும் சோர்வாக இருக்கிறது, எடையும் ஏறிவிட்டது. வேலை முடிந்து திரும்பும் வழியில் மாலை ஐந்து மணிக்கு ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 285 நானோகிராம் என்று அறிக்கை வந்தது. அதைப் பார்த்த ஒரு மருத்துவர் அன்றைக்கே ஊசியைத் தொடங்கலாம் என்றார். இன்னொருவர், “வயதானால் அப்படித்தான் இருக்கும்” என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: செய்திருக்க வேண்டிய முதல் வேலையை இருவருமே செய்யவில்லை. அந்தப் பரிசோதனையைச் சரியான நேரத்தில் திரும்பச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுவதும் ஒரே சீராகச் சுரப்பதில்லை. அதிகாலையில் உச்சத்தில் இருந்து, பொழுது ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். இந்த ஏற்ற இறக்கம் இளைஞர்களிடம் மிகுதியாகவும் வயதானவர்களிடம் சற்று மட்டாகவும் இருக்கும் என்றாலும், எந்த வயதினருக்கும் மாலையில் எடுத்த ரத்தத்தை வைத்து ‘குறைவு’ என்று முடிவுகட்டுவது முறையாகாது. காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். குளுக்கோஸ் கரைசலைக் குடித்த சிறிது நேரத்தில் இந்த ஹார்மோனின் அளவு ஏறத்தாழ கால் பங்கு சரிந்ததை ஆய்வில் கண்டிருக்கிறார்கள் என்பதால், வெறும் வயிறு என்பதைச் சடங்காக எண்ணிவிடாதீர்கள். இரவுப் பணி செய்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல், தாங்கள் தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ரத்தம் கொடுப்பது பொருத்தமாக இருக்கும். காய்ச்சலோ வேறு நோயோ வந்து தேறிவரும் நாட்களில் இந்தப் பரிசோதனையே வேண்டாம். உடல் நோயோடு போராடும்போது டெஸ்டோஸ்டிரோன் தற்காலிகமாகத் தாழ்ந்துவிடும். முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். சில வகைச் சோதனைக் கருவிகளின் முடிவை அது பிறழச் செய்யும்.

இப்படி முறையாக எடுத்தாலும் ஒரு முறை போதாது. முதல் முறை குறைவு என்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு இரண்டாம் முறை இயல்பான அளவு வந்துவிடுகிறது. வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை குறைவாக இருந்து, அதற்குப் பொருந்தும் அறிகுறிகளும் இருந்தால் மட்டுமே அதை நோய் என்கிறோம்.

இனி உங்களுடைய 285 என்ற எண்ணுக்கு வருகிறேன். அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 300க்குக் கீழிருப்பதைக் குறைவு என்று கருதச் சொல்கிறது. அதே ஆண்டில் அங்குள்ள எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பு, உடல் பருமன் இல்லாத 19 முதல் 39 வயது வரையிலான ஆரோக்கியமான ஆண்களை அடிப்படையாகக் கொண்டு, கீழ் எல்லையை 264 என்று வகுத்தது. உங்கள் அளவு இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு வழிகாட்டுதலின்படி நீங்கள் நோயாளி, இன்னொன்றின்படி இல்லை. அப்படிப்பட்ட ஒரு மதிப்பை, அதுவும் மாலையில் எடுத்ததை, வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் தொடரக்கூடிய ஒரு சிகிச்சையை அன்றைக்கே தொடங்கச் சொன்னது எனக்கு வருத்தமளிக்கிறது.

எடை ஏறியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது இங்கே மிகவும் முக்கியமான செய்தி. ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி இரண்டு புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றுள் எஸ்.எச்.பி.ஜி. என்பது அதை இறுகப் பற்றிக்கொள்ளும். அல்புமின் தளர்வாகப் பற்றும். எதனோடும் ஒட்டாமல் தனித்துத் திரிவது இரண்டு மூன்று சதவீதம்தான். உடல் பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் எஸ்.எச்.பி.ஜி.யைக் குறைத்துவிடுவதால் மொத்த அளவு தாழ்ந்து தெரியும். திசுக்களுக்குக் கிடைக்கும் தனி டெஸ்டோஸ்டிரோனோ இயல்பாகவே இருக்கலாம். முதுமை, கல்லீரல் நோய், தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவற்றில் நேர்மாறாக எஸ்.எச்.பி.ஜி. கூடி, மொத்த அளவு நன்றாகவும் தனி அளவு குறைவாகவும் இருக்கக்கூடும். ஆகையால் எல்லைக்கோட்டில் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு மொத்த அளவோடு எஸ்.எச்.பி.ஜி.யையும் அல்புமினையும் அளந்து, அவற்றிலிருந்து தனி அளவைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்வேன். பல ஆய்வகங்கள் ‘ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’ என்ற பெயரில் நேரடியாகச் செய்து தரும் மலிவான சோதனை அவ்வளவு நம்பகமானதல்ல.

இரண்டு முறையும் உண்மையாகவே குறைவாக இருந்தால், அடுத்த கேள்வி ‘ஏன்?’ என்பது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதப்படும் எந்த மருந்துச் சீட்டையும் நான் ஏற்கமாட்டேன். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்பித்தான் விரைகளை வேலை வாங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் எல்.எச். மிகுதியாக இருந்தால், மேலிடம் எவ்வளவு அதட்டியும் விரைகளால் இயலவில்லை என்று பொருள். எல்.எச்.சும் குறைவாகவோ, ‘இயல்பு’ என்ற வரம்புக்குள்ளோ இருந்தால் பிசகு மேலிடத்தில் இருக்கிறது. அப்போது பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டினையும், உடலில் இரும்புச்சத்து அளவுமீறிச் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் 150க்கும் கீழே போயிருந்தாலோ, புரோலாக்டின் உயர்ந்தே இருந்தாலோ, தலைவலியும் பக்கப்பார்வைக் குறைவும் இருந்தாலோ பிட்யூட்டரியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது அவசியம். அங்கே ஒரு கட்டி இருக்கும்போது வெறும் ஊசியைப் போட்டு அனுப்பினால், நாட்டம் திரும்பும், கட்டி வளரும்.

பெரும்பாலானவர்களுக்கு அப்படி எதுவும் இருக்காது. உடல் பருமன், தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு, நீண்டகாலம் சாப்பிட்ட ஓபியாய்டு வகை வலி மாத்திரைகள், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவற்றில் ஒன்று வெளிப்படும். அதனால் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். குறட்டை விடுகிறீர்களா என்பதை மனைவியிடம் கேட்டுக்கொண்டு போங்கள். “வயதானால் அப்படித்தான்” என்று சொன்ன மருத்துவருக்கும் ஒரு வார்த்தை: வயது கூடும்போது அளவு மெல்லக் குறைவது உண்மை; ஆனால் 47 வயதில் ஒருவர் நாட்டமில்லை என்று வந்து நிற்கும்போது அதை வயதின்மேல் போட்டுவிட்டு எழுந்துவிடுவது மருத்துவம் ஆகாது.

கேள்வி: இணையத்தில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்பினேன். ‘உங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு இருக்கிறது’ என்று முடிவு வந்தது. எனக்கு 52 வயது. ஐந்து ஆண்டுகளாக நீரிழிவு. விறைப்புத்தன்மைதான் குறைந்திருக்கிறது, ஆசையில் குறைவில்லை.

பதில்: அந்தப் படிவங்களில் சோர்வு உண்டா, மனம் வாடியிருக்கிறதா, வேலையில் சுறுசுறுப்பு குறைந்ததா என்பவையே பெரும்பாலும் இருக்கும். சரியாகத் தூங்காதவரும், மனச்சோர்வு உள்ளவரும், கடன் கவலையில் இருப்பவரும் அவற்றுக்கு ‘ஆம்’ என்றுதான் எழுதுவார்கள். 2010இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் 40 முதல் 79 வயது வரையிலான 3,369 ஆண்களைப் பரிசோதித்தார்கள். காலை நேர விறைப்பு குறைதல், பாலுணர்வு நாட்டம் குறைதல், உறவின்போது விறைப்பு நிற்காமை ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதுதான் ஹார்மோன் குறைவோடு தெளிவாகத் தொடர்புபட்டிருந்தது. இந்த மூன்று அறிகுறிகளையும் குறைந்த அளவையும் சேர்த்துப் பார்த்தபோது, வயதோடு வரும் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று சொல்லத்தக்கவர்கள் 2.1 சதவீதம்தான்.

நாட்டம் குன்றாமல் விறைப்பு மட்டும் குறைவது, அதிலும் நீரிழிவு உள்ளவருக்கு, பெரும்பாலும் ரத்தக் குழாய்களின், நரம்புகளின் சிக்கல். ஆண்குறிக்குச் செல்லும் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகியவை என்பதால், அடைப்பு அங்கே முதலில் தெரியலாம். எனவே உங்கள் சர்க்கரையின் மூன்று மாத சராசரி, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றோடு இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். காலை டெஸ்டோஸ்டிரோனையும் ஒரு முறை பாருங்கள். நீரிழிவு உள்ள ஆண்களிடம் அது குறைந்திருப்பது அரிதல்ல. சில்டெனாஃபில் வகை மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு வீழ்ந்துவிடும்.

கேள்வி: எனக்கு வயது 31. உடற்பயிற்சிக்கூடத்தில் பழக்கமான ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒன்றரை ஆண்டுகள் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டேன். ஹார்மோன் கூடினால் குழந்தைப் பேற்றுக்கும் நல்லதுதான் என்று எண்ணியிருந்தேன். திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. விந்துப் பரிசோதனையில் விந்தணுவே இல்லை என்று வந்திருக்கிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கு இனி வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது. உங்களைப் போன்ற பலர் மீண்டு தந்தையாகியிருக்கிறார்கள் என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்தக் கடிதத்தைப் போல இந்த மாதம் வந்தவை இன்னும் சில. எல்லாவற்றிலும் அதே தவறான நம்பிக்கை இருப்பதால் நடந்ததைச் சற்று விரிவாக விளக்குகிறேன். விந்தணு உருவாக விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோனின் செறிவு, ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. அந்தச் செறிவை வெளியிலிருந்து போடும் ஊசியால் ஒருபோதும் உண்டாக்க முடியாது. விரை தானே சுரந்தால்தான் உண்டு. ஊசி போட்டதும் ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருப்பதை மூளை உணர்ந்து, ‘போதும்’ என்று எல்.எச்.சையும், விந்தணு உருவாக்கத்தைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்.எஸ்.எச்.சையும் நிறுத்திவிடுகிறது. கட்டளை வராத விரைகள் உறங்கிப்போகின்றன. சில மாதங்களில் சுருங்கவும் செய்கின்றன. தோள் புடைத்திருக்கும், ரத்தத்தில் அளவு ஓங்கியிருக்கும், விந்தில் அணு இருக்காது. இதே விளைவை ஆண்களுக்கான கருத்தடையாகப் பயன்படுத்த முடியுமா என்றே உலகச் சுகாதார அமைப்பு ஆராய்ந்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில், வாரந்தோறும் 200 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களுக்குள் விந்தணு முற்றிலும் இல்லாமல் போனது. நீங்கள் அறியாமல் செய்துகொண்டது கருத்தடையைத்தான்.

அத்தகைய கருத்தடை ஆய்வுகளில் பங்கேற்ற 1,500க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். ஊசியை நிறுத்திய பின் மில்லிலிட்டருக்கு இரண்டு கோடி விந்தணுக்கள் என்ற நிலைக்கு ஆறு மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கினரும், ஓராண்டில் பத்தில் ஒன்பது பேரும், இரண்டாண்டுகளுக்குள் ஏறத்தாழ எல்லோரும் திரும்புவார்கள் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் மருத்துவக் கண்காணிப்பில், அளவறிந்து போட்டவர்கள். பயிற்சிக்கூடங்களில் கைமாறும் குப்பிகளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மேலும் பல ஸ்டீராய்டுகளைச் சேர்த்தே போடுவார்கள். ஆகவே உங்களுக்குச் சற்றுக் கூடுதல் காலம் ஆகலாம்.

இனி ஒரு ஊசியும் வேண்டாம். ஆனால் நிறுத்தியதும் வீட்டுக்குள் முடங்கிவிடாமல், ஆண் மலட்டுத்தன்மையில் பயிற்சி பெற்ற சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். எதை, எவ்வளவு, எத்தனை நாள் போட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் உங்களைக் கடிந்துகொள்வதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. தேவைப்பட்டால் எல்.எச்.சைப் போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசி, குளோமிஃபீன் மாத்திரை, சில வேளை எஃப்.எஸ்.எச். ஊசி ஆகியவற்றால் விரைகளை விரைவாக எழுப்ப அவர் முயல்வார். ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும் என்பதால் வாரா வாரம் பரிசோதித்து மனம் உடைய வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

ஊசி நின்ற பின், சொந்தச் சுரப்பு எழும் வரையிலான மாதங்களில் கடுமையான சோர்வும், நாட்டமின்மையும், ஆழ்ந்த மனச்சோர்வும் வருவதுண்டு. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அதை அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மருந்து விலகியதால் வருவது, சிகிச்சையால் தீரும். இந்தக் காலத்தைத் தனியாகக் கடக்க முடியாது என்பதால்தான் மனைவியிடம் சொல்லிவிடுங்கள் என்கிறேன். குழந்தை ஏன் தள்ளிப்போகிறது என்று அவர் தன் உடலைச் சந்தேகித்து, தேவையற்ற சோதனைகளுக்கு ஆளாவதற்கு முன் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். உண்மையிலேயே டெஸ்டோஸ்டிரோன் குறைவு இருந்தாலும், அடுத்த ஓராண்டுக்குள் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர் டெஸ்டோஸ்டிரோனை எந்த வடிவத்திலும் தொடங்கக் கூடாது. குழந்தை பற்றி உங்களிடம் கேட்காமல் ஒரு மருத்துவர் அதை எழுதினால், நீங்களே அந்தப் பேச்சை எடுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். காலையில் எடுத்த இரண்டு பரிசோதனைகளில் டெஸ்டோஸ்டிரோன் 210, 190 என்று வந்தது, எல்.எச். உயர்ந்திருக்கிறது. மருத்துவர் தோலில் தடவும் ஜெல் எழுதியிருக்கிறார். மாரடைப்பு வரும், புராஸ்டேட் புற்றுநோய் வரும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். வீட்டில் மூன்று வயதுப் பேத்தி எங்களோடு இருக்கிறாள்.

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த மருத்துவர் முறையாகவே செய்திருக்கிறார். இரண்டு காலைப் பரிசோதனைகள், உயர்ந்த எல்.எச். என்று காரணம் விரைகளில்தான் என்பது தெளிவாக இருக்கிறது.

இதயத்தைப் பற்றிய அச்சம் பல ஆண்டுகள் மருத்துவர்களுக்கும் இருந்தது. அதற்கு விடை தேட, இதய நோய் உள்ள அல்லது வரும் வாய்ப்பு மிகுந்த, 45 முதல் 80 வயது வரையிலான 5,200க்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு டிராவர்ஸ் என்ற ஆய்வு நடந்து 2023இல் வெளியானது. பாதிப்பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல், மீதிப்பேருக்கு மருந்தில்லாத ஜெல். இதயம் சார்ந்த மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது முதல் பிரிவில் 7.0 சதவீதம், இரண்டாவதில் 7.3 சதவீதம். ஆகவே இந்தப் பெரிய அச்சம் ஓரளவு தணிந்திருக்கிறது. ஆனால் இதயத்துடிப்புச் சீர்கேடு, நுரையீரலில் ரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை டெஸ்டோஸ்டிரோன் பிரிவில் சற்று மிகுதியாக இருந்தன. எதிர்பாராத விதமாக எலும்பு முறிவும் கூடியிருந்தது. கணவருக்கு முன்பு காலில் ரத்தக்கட்டி வந்திருந்தாலோ, துடிப்பு தாறுமாறாகும் சிக்கல் இருந்தாலோ அதை மருத்துவரிடம் கட்டாயம் நினைவூட்டுங்கள். மாரடைப்போ பக்கவாதமோ வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு இதைத் தொடங்குவதில்லை. கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்.

புராஸ்டேட் அச்சத்தின் வேர் பழையது. பரவிய புராஸ்டேட் புற்றுநோய் டெஸ்டோஸ்டிரோனை நீக்கினால் அடங்குகிறது என்று ஹகின்ஸ், ஹாட்ஜஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1941இல் காட்டினார்கள். அதிலிருந்து, டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் புற்றுநோய் புதிதாக உண்டாகும் என்று பலரும் முடிவுகட்டிவிட்டார்கள். அப்படி உண்டாவதாக இதுவரையிலான ஆய்வுகள் காட்டவில்லை. டிராவர்ஸ் ஆய்விலும் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் ஏற்கெனவே மறைந்திருக்கும் புற்றுநோயைத் தூண்டிவிடக் கூடாது என்பதற்காக, தொடங்கும் முன் புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவை ரத்தத்தில் பார்த்து, மூன்று முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் மறுபடியும் பார்க்கிறோம். அதற்குள் அது தொடக்க அளவைவிட மில்லிலிட்டருக்கு 1.4 நானோகிராமுக்கு மேல் கூடியிருந்தால் சிறுநீரியல் மருத்துவரிடம் அனுப்புவோம்.

நான் உண்மையில் கவலைப்படுவது ரத்தம் கெட்டிப்படுவதைப் பற்றித்தான். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். ஊசியில் இது மிகுதி, ஜெல்லில் குறைவு. இதய நோயாளிக்கு ஜெல் எழுதியதை நான் வரவேற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று முதல் ஆறு மாதங்களில் ஒரு முறையும், ஓராண்டில் ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் இந்தச் சோதனை நடந்தாக வேண்டும். கணவர் பலமாகக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறினால் முதலில் அதற்குச் சிகிச்சை.

பேத்தியைப் பற்றி நீங்கள் குறிப்பிட்டது மிக நல்லது. ஜெல் தடவிய தோலில் குழந்தை உரசினால் மருந்து அவள் உடலுக்குள் போகும். பருவத்துக்கு முன்பே முடி வளர்தல், உறுப்பு பெரிதாதல் போன்றவை குழந்தைகளிடம் கண்டறியப்பட்டிருக்கின்றன. தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காய்ந்த பின் தோளை முழுக்கத் துணியால் மூட வேண்டும். குழந்தையைத் தூக்குமுன் அந்த இடத்தைக் கழுவிவிட வேண்டும். அவர் போட்டுக் கழற்றிய மேல்சட்டையைக் குழந்தையின் துணிகளோடு போட வேண்டாம். இதைக் கடைப்பிடிப்பது உங்கள் வீட்டில் கடினம் என்று தோன்றினால், தயங்காமல் ஊசிக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. தாடி, மீசை சரியாக வளரவில்லை. விரைகள் மிகச் சிறியவை. மார்பு சற்றுப் புடைத்திருப்பதால் நண்பர்கள் முன் சட்டையைக் கழற்றுவதில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பதில்: தம்பி, இத்தனை ஆண்டுகள் இதை ஒற்றையாகச் சுமந்திருக்கிறாய் என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. உன் உடலில் இருப்பது உன் தவறால் வந்ததல்ல. நீ சொல்லும் மூன்று அறிகுறிகளும் சேர்ந்திருக்கும்போது கிளைன்ஃபெல்டர் என்ற நிலையை மருத்துவர் முதலில் நினைப்பார். ஆண்களுக்கு வழக்கமாக இருக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்களோடு கூடுதலாக ஓர் எக்ஸ் இருப்பது அது. ஹாரி கிளைன்ஃபெல்டர் 1942இல் விவரித்த இந்த நிலை, ஏறத்தாழ 500 முதல் 1,000 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. பலர் அறியாமலேயே வாழ்கிறார்கள். காலை டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., குரோமோசோம் பரிசோதனை ஆகியவை விடையைச் சொல்லிவிடும். வாசனை தெரிவதில்லை என்றால் அதையும் சொல். பிறவியிலேயே மூளையின் கட்டளை எழாத கால்மன் என்ற நிலையில் மணம் அறியும் திறனும் இருக்காது.

உனக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் அது நன்றாகவே பலன் தரும். எலும்புகளுக்கும் அது அவசியம். ஆனால் முதல் ஊசிக்கு முன்பாக, எதிர்காலத்தில் குழந்தை வேண்டும் என்று மருத்துவரிடம் சொல். கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு விரைத் திசுவிலிருந்து நுண்ணறுவை மூலம் விந்தணுவைக் கண்டெடுத்து உறைய வைக்க முடிகிறது. அதற்கான ஆலோசனை முதலில் நடக்கட்டும்.

கேள்வி: மருந்தில்லாமல் டெஸ்டோஸ்டிரோனை உயர்த்த முடியாதா? ‘பூஸ்டர்’ மாத்திரைகள் பயன் தருமா? மருந்துதான் என்றால் ஊசியா, ஜெல்லா, மாத்திரையா?

பதில்: எடை மிகுந்தவர்களுக்கு முடியும். எடையில் பத்து சதவீதம் குறைத்தாலே அளவு ஓரளவு உயரும். இன்னும் குறைத்தால் இன்னும் உயரும். தூக்கமும் அப்படித்தான். ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டபோது அவர்களின் பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் சரிந்ததை 2011இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. விரைகளோ பிட்யூட்டரியோ பழுதுபட்டிருந்தால் இவை போதாது.

பூஸ்டர்களை நான் பரிந்துரைப்பதில்லை. 1889இல் பிரவுன்-செக்கார்ட் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், தம் 72ஆம் வயதில், விலங்கின் விரையைப் பிழிந்த சாற்றை ஊசியாக ஏற்றிக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் நீரில் கரையாது. அந்தச் சாற்றில் பயன் தரும் அளவு இருந்திருக்க வழியில்லை. அவ்வளவு பெரிய அறிஞரையே நம்பிக்கை அப்படி உணர வைத்தது என்றால், ஒரு டப்பா மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக இருக்கிறது என்பவரின் சொல்லை வைத்து நாம் எதையும் முடிவு செய்ய முடியாது.

ஜெல் தினமும் தடவ வேண்டும். அளவு சீராக இருக்கும். எனந்தேட், சைப்பியோனேட் ஊசிகளை வாரம் ஒன்றோ, இரு வாரத்துக்கு ஒன்றோ போடுவார்கள். ஊசி போட்ட சில நாட்கள் தெம்பும் அடுத்த ஊசிக்கு முன் தளர்ச்சியுமாக மனநிலை ஊசலாடுவது சிலருக்குத் தாங்க முடிவதில்லை. அண்டெக்கனோயேட் நீண்டகால ஊசியைப் பத்து முதல் பதினான்கு வாரங்களுக்கு ஒரு முறை போட்டால் போதும். அண்டெக்கனோயேட் மாத்திரையும் இருக்கிறது. மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற பழைய மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும், அது வேண்டாம். எதைத் தேர்ந்தாலும், நாட்டத்தில் மாற்றம் மூன்று முதல் ஆறு வாரங்களில் தெரியத் தொடங்கும்; தசைக்குச் சில மாதங்களும் எலும்புக்கு அதைவிட நெடுங்காலமும் ஆகும். 65 வயதைக் கடந்த 790 ஆண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் பாலுணர்வு நாட்டமும் மனநிலையும் ஓரளவு மேம்பட்டன. சோர்வு மட்டும் அவ்வளவாக நீங்கவில்லை. சோர்வு ஒன்றுக்காகவே மருந்தைக் கேட்பவர்களிடம் இதை நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மருத்துவரிடம் இதை எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. இரண்டு முறை போய், தலைவலி என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். வயது 44.

பதில்: பேசுவது கடினமாக இருந்தால் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு தாளில், “ஆறு மாதமாக உறவில் நாட்டம் இல்லை, காலையில் விறைப்பு வருவதில்லை, காரணத்தைக் கண்டறிய வேண்டும்” என்று மூன்று வரி எழுதி மேசையின்மேல் வைத்துவிடுங்கள். மருத்துவர் படித்துவிட்டு அவரே கேள்விகளைத் தொடங்குவார்; நீங்கள் ஆம், இல்லை என்று சொன்னாலே போதும். அந்தத் தாளின் பின்பக்கத்தில், சாப்பிடும் மருந்துகள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், குழந்தை வேண்டுமா என்ற மூன்றையும் குறித்துவையுங்கள். அவர் விரைகளையும் மார்பையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். அது ஒரு நிமிட வேலை. காலை ஒன்பது மணிக்கு, எதுவும் சாப்பிடாமல் போனால், ரத்தத்தையும் அன்றே கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.